மஞ்ச லைட்டும் காத்தில்லாத ஸ்பெயார் வீலும்

1

"ஒனக்கென்னடா, கனடா!"ன்னு மாத்தளையில இருந்துக்கிட்டு சொல்ற கூட்டத்துக்குத்தான் இத டைப் பண்றேன். எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. கை வெறச்சு போயிருக்கு.

இன்னிக்கு காலையில டொரண்டோவுல இந்த வருஷத்து மொத பனி கொட்டிச்சு. நீங்க போட்டோவுல பாத்துட்டு "சூப்பரா இருக்கே"ன்னு சொல்லுவீங்களே, அதேதான். எனக்கு பனின்னா அழகு கிழகு ஒண்ணும் ஞாபகத்துக்கு வராது. பனின்னா டயர். இங்க வெயிலுக்கு ஒரு டயர், பனிக்கு ஒரு டயர். பனி வரப்போகுதுன்னு எல்லாருக்கும் நல்லாத் தெரியும், ஆனா ஒருத்தனும் முன்னாடியே வரமாட்டான். மொத பனி விழுந்த அன்னிக்கு ஊரே ஒண்ணா முழிச்சிக்கிட்டு எங்க கட வாசல்ல வந்து நிக்கும்.

ஆமா, டயர் கடையிலதான் வேல. கெம்பஸ்ல பௌதிகம் படிச்சு பட்டம் வாங்குனவன்தான். கூட படிச்சவன் ஒருத்தன் கண்டியில இருந்து மெயில் போடுறான், "டேய் சயன்டிஸ்ட், இன்னிக்கு எத்தன வீல் கழட்டுன?"ன்னு. எண்ணுறதில்லடா. எண்ணுனா அழுக வரும்.

போன வருஷம் இதே மொத பனி நேரத்துலதான் அந்த சென்சர் கூத்து நடந்துச்சு. இவ்வளவு நாளா யாருக்கும் எழுதல. எழுதக்கூடிய காலமா அது? இப்ப சண்டை முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்க. அதனால எழுதுறேன். படிச்சுட்டு எங்க அம்மாகிட்ட போய் வாசிச்சு காட்டாதீங்க, அவ்வளவுதான்.

2

மொதல்ல சென்சர்னா என்னன்னு சொல்லிர்றேன். இல்லன்னா பின்னாடி ஒண்ணும் வெளங்காது.

இப்ப வர்ற கார்ல, டயருக்குள்ள, வால்வோட அடியில, ஒரு சின்ன கறுப்பு சாமான் ஒட்டிக்கிட்டு இருக்கும். தீப்பெட்டி அளவுதான். உள்ள பட்டரி. டயர் உருள ஆரம்பிச்சா அது முழிச்சிக்கும். "இங்க காத்து இவ்வளவு இருக்கு"ன்னு காருக்கு சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். காத்து கொறஞ்சா டேஷ்போர்டுல மஞ்சளா ஒரு லைட்டு எரியும்.

இதுல ஒரு சிக்கல். ஒவ்வொரு சென்சருக்கும் ஐடென்டி கார்ட் மாதிரி தனித்தனி நம்பர். புது வீல் போட்டா அந்த நம்பர காருக்கு சொல்லிக்குடுக்கணும். சொல்லிக்குடுக்காட்டி சென்சர் பாட்டுக்கு கத்திக்கிட்டே கெடக்கும், கார் காதுலயே வாங்காது. அப்பவும் அதே மஞ்ச லைட்டுதான் எரியும். பதிவில்லாத ஆளு பேசுனா நாட்டுல எவன் கேக்குறான், கார் கேக்குறதுக்கு?

சொல்லிக்குடுக்குறதுதான் என் வேல. கையில டிவி ரிமோட் மாதிரி ஒரு மிஷின். டிரைவர் பக்கத்து முன் வீல்ல தொடங்கி வலமா சுத்தணும். நம்ம மாரியம்மன் கோயில் வாசல்ல புது வேனுக்கு பூச போட்டுட்டு ஐயர் சுத்தி வருவாருல்ல, அச்சா அதே சுத்து. ஒவ்வொரு வீல்கிட்டயும் மிஷின காட்டி பட்டன அமுக்குனா ஹோர்ன் ஒருக்கா கத்தும். நாலு வீலும் கத்திச்சுன்னா முடிஞ்சுது. எலுமிச்சங்கா ஒண்ணுதான் கொற.

வந்த புதுசுல "டிரைவர் பக்கத்தால தொடங்கும்"னு பொஸ் சொன்னாரு. நான் நேரா வலது பக்கம் போயிட்டேன். நம்ம ஊர்ல டிரைவர் வலப்பக்கம்தானே உக்காருவான். இங்க இடப்பக்கம். நாலு சென்சரும் எடம் மாறி பதிஞ்சிருச்சு. கார்க்காரன் ஹைவே ஓரத்துல, குளிருல, நல்லா இருந்த டயருக்கு காத்தடிச்சுக்கிட்டு நின்னுருக்கான்.

"உமக்கு இடது வலது தெரியாதோ?"ன்னு பொஸ் கத்துனாரு.

"அதெல்லாம் தெரியும்ண்ணே. டிரைவர் எங்க உக்காருவான்னுதான் மறந்துருச்சு."

பொஸ் பேரு நாதன். யாழ்ப்பாணம். வந்து ரொம்ப காலம். மொத நாள் நான் வாய தொறந்ததும் கேட்டது, "நீர் இந்தியாவோ?"

"இல்லண்ணே, மாத்தளை."

"மாத்தளையோ? கதை இந்தியாக்காரர் மாதிரிக் கிடக்கு."

அவர சொல்லி குத்தமில்ல. கடைக்கு வர்ற தமிழாளுங்க எல்லாருமே அதத்தான் கேக்குறாங்க. இமிகிரேஷன் ஆபீஸ்ல இருக்குற வெள்ளக்காரி இன்னொரு விதம். "நீ தமிழன், சிலோன், சரி. வடக்கா, கெழக்கா?" நடுவுலன்னு சொன்னேன். நிமிந்து பாத்தா. அவ கம்ப்யூட்டர்ல நடுவுங்குற எடமே இல்ல போலருக்கு. பேப்பர் இன்னும் வரல. அது வர்ற வரைக்கும் நான் ஊருக்கு வர ஏலாது. வந்தா திரும்பி இங்க வர ஏலாது. அதுதான் என் நிலம.

3

எங்க அண்ணன் ரவிய உங்கள்ல பாதிப் பேருக்கு தெரியும். மாத்தளை டவுன்ல வேன் ஓட்டுறாரு. கல்யாணம், ஏர்போர்ட் ஹயர், அது இல்லாத நாள்ல தம்புள்ளைக்கு போய் மரக்கறி. ஜப்பான்ல ஒருத்தன் ஓட்டி முடிச்ச வேன். வாங்குறப்ப அம்மா போட்ட ஒரே கண்டிஷன், "வெள்ள மட்டும் வேணாம்டா"ன்னு. அந்த காலத்துல ஆள தூக்கிட்டு போறது வெள்ள வேன்லதான்னு உங்களுக்கு சொல்லத் தேவையில்ல. அதனால சில்வர்.

அண்ணன் சும்மா இருக்குற ஆளா? பழைய ரிம்ம தூக்கிட்டு கொழும்புல இருந்து அலாய் ரிம் வாங்கி போட்டுட்டாரு. பழைய வீல்ல இருந்த சென்சர் பழைய வீலோடயே போயிருச்சு. அன்னிக்கு எரிய ஆரம்பிச்ச மஞ்ச லைட்டு அணையவே இல்ல.

"டேய், ஏறுறவன் எல்லாம் அதயே பாக்குறான்டா"ன்னு போன்ல புலம்புனாரு. "நேத்து ஒரு பார்ட்டி, பொண்ணு கூட்டிட்டு போற ஹயர், 'வேன்ல ஏதோ கோளாறு இருக்கு'ன்னு எறங்கி அடுத்த வேன்ல போயிட்டான். ஒன் கடையில அந்த சாமான் இருக்காமே. ஒரு நாலு அனுப்பேன்."

பொஸ்கிட்ட கேட்டேன். அடிபட்ட கார்ல இருந்து கழட்டுன நாலு சென்சர் அலமாரியில கெடந்துச்சு, எல்லாம் உசிரோட. அண்ணனோட வேனுக்கும் ஒத்து வர்ற சாதி. "கொண்டு போம், கொண்டு போம். அண்ணனுக்குத்தானே"ன்னு தூக்கி குடுத்தாரு. வேனோட கம்ப்யூட்டர்ல சொருகுற வயர் ஒண்ணும் குடுத்தாரு. கண்டியில இருக்குற அந்த மெயில்காரன்கிட்ட லெப்டொப் இருக்கு, அவன வச்சு நம்பர பதிஞ்சுக்கலாம்னு பிளான்.

நான் வேற ஓவர் புத்திசாலி. அண்ணன் கொழம்பக்கூடாதுன்னு ஒவ்வொரு சென்சர்லயும் வெள்ள டேப்ப சுத்தி, நம்பர பெருசா எழுதி, முன் இடது, முன் வலதுன்னு இங்கிலீஷ் எழுத்துல சுருக்கி எழுதுனேன். ஒடையக்கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் ஒரு புது கம்பளி சாக்ஸுக்குள்ள போட்டு முடிச்சேன். வயர சுருட்டி நடுவுல வச்சு பார்சல் பண்ணேன். பாக்கவே அழகா இருந்துச்சு.

நாங்க இருக்குற பில்டிங்லயே சரோஜா ஆன்ட்டி இருக்காங்க. உக்குவளை ஆளு. தங்கச்சி மக கல்யாணத்துக்கு ஊருக்கு போறாங்க. பார்சல குடுக்க போனப்ப அவங்க வீட்டுல ஒரே சண்ட. மக வரமாட்டேன்னுட்டா.

"ஒங்க தாத்தா ஊருடீ அது."

"அது உங்க ஊரு. நீங்க போங்க."

அவ்வளவுதான் சொன்னா, டிவியில இருந்து கண்ண எடுக்காம. இங்க பொறந்த புள்ள. ஆன்ட்டி என்னய பாத்தாங்க, நான் செவுத்த பாத்தேன். பார்சல ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்டு, "என்னப்பா இது, கனமா இருக்கு"ன்னாங்க. டயர் சாமான்னு சொன்னேன். "சாக்ஸ் நல்லா இருக்கே"ன்னாங்க.

4

ரெண்டு நாள் கழிச்சு, கட பூட்டுற நேரம், அண்ணன் நம்பர்ல இருந்து மிஸ்ட் கால். போன் கார்ட்ல அடிச்சேன். கையெல்லாம் கிரீஸ், அதனால போன பெஞ்சுல வச்சு ஸ்பீக்கர போட்டுட்டேன். பொஸ் பக்கத்துல நட் பொறுக்கிக்கிட்டு இருந்தாரு.

"தம்பி, நல்லபடியா வந்து சேந்துட்டேன்பா." சரோஜா ஆன்ட்டி. "ஒன் அண்ணன் வந்துட்டாரு. ஏர்போர்ட்டுக்குள்ள வேன விடுறதில்லையாம். பொட்டிய தள்ளிக்கிட்டு ரோடு வரைக்கும் வந்தேன். காலு போச்சு."

"பார்சல் பத்திரமா ஆன்ட்டி?"

"இந்தா மடியில. உள்ள ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல. இனிமேதானாம். வழி நெடுக செக்பாயின்டாம். இந்த வாரம் ரொம்ப மோசமாம்பா. பொட்டிய ரோட்டுல கொட்டி ஒவ்வொண்ணா எடுத்து பாக்குறானாம். ரவி சொல்றாரு."

பொஸ் கையில இருந்த நட் கீழ விழுந்துச்சு. நான் அவர பாத்தேன், அவரு என்னய பாத்தாரு. ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலதான் வெளங்கிச்சு.

பட்டரி. வயர். சிக்னல் அனுப்புற கறுப்பு பெட்டி நாலு. ஒவ்வொண்ணுலயும் நீட்டு நம்பர், இங்கிலீஷ்ல சுருக்கெழுத்து. சாக்ஸுல சுத்தி, கனடாவுல இருந்து. வேன் ஓட்டுறவன் தமிழன்.

"ஐயோ"ன்னாரு பொஸ். "நாங்கள் என்ன வேலை பாத்தனாங்கள்?"

அவரு ஊர்ல பாக்காத செக்பாயின்டா? நான் நிக்காத வரிசையா? ரெண்டு பேரும் சேந்து சிரிச்சுக்கிட்டே அந்த பார்சல கட்டிருக்கோம். இங்க வந்தா குளிர் மட்டும் இல்ல, இப்பிடி ஒரு மறதியும் வந்துருது.

"ஆன்ட்டி, அண்ணன்கிட்ட குடுங்க."

"சொல்றா! சாமான் வந்துருச்சுடா, தேங்க்ஸ்டா"ன்னாரு அண்ணன். அப்பிடி ஒரு சந்தோஷம் கொரல்ல.

"அண்ணே, அந்த பார்சல தொறக்காதீங்க."

"ஏன்?"

ஏன்னு எப்புடி சொல்றது? அப்ப போன்ல யாரு கேட்டுக்கிட்டு இருப்பான்னு யாருக்கு தெரியும். சென்சர்னு சொல்லலாமா? சிக்னல்னு சொல்லலாமா? பட்டரின்னு சொல்லலாமா? ஒண்ண விட ஒண்ணு மோசம். நான் பாட்டுக்கு, "அத வேன்ல வைக்காதீங்க, ஆனா வெளியில எங்கயும் போட்டுறாதீங்க"ன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம்தான் எனக்கே ஒறச்சுது. கேட்டுக்கிட்டு இருக்குறவன் இதுக்கு மேல என்ன நெனப்பான்?

"வால்வு எண்டு சொல்லும்! வால்வு எண்டு சொல்லும்!" பொஸ் காதுக்குள்ள.

"என்னடா ஒளர்ற? யாருடா பக்கத்துல?"ன்னு அண்ணனுக்கு கோவம் வந்துருச்சு.

"வால்வுண்ணே. டயர் வால்வு. அதுக்குள்ள வந்து... அண்ணே, நாவுலயில நம்ம ஸ்பெயார் வீல், ஞாபகம் இருக்கா?"

 பின்னால பஸ் ஹோர்ன் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"வை போன"ன்னாரு அண்ணன்.

5

நாவுல கத இதுதான். கெம்பஸ் லீவுல நான் அண்ணனோட தம்புள்ளைக்கு மரக்கறி ஏத்த போவேன். வழியில நாவுல செக்பாயின்ட்ல ஆமிக்காரங்க எறக்கி பாப்பாங்க. சீட்டு, பொனட், அடியில கண்ணாடி விட்டு பாக்குறது, எல்லாம் வழக்கமானதுதான். ஒரு நாள் ஒருத்தன் ஸ்பெயார் வீல கம்பியால தட்டுனான். சத்தம் புடிக்கல போல. இன்னொருத்தன கூப்புட்டான். அவனும் தட்டுனான். எங்கள தூர போய் குந்தச் சொன்னாங்க. ரெண்டு பேரும் ரோட்டோரத்துல குந்திக்கிட்டு ஒரு டயர பாத்துக்கிட்டு இருந்தோம். வெண்டிக்கா வாடுற அளவு வெயில். கடைசியில அண்ணனயே கூப்புட்டு வால்வ கழட்டி காத்த எறக்க சொன்னாங்க. காத்து சீறிக்கிட்டு வெளிய வர வர அண்ணன் மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. உள்ள காத்த தவிர வேற என்ன இருக்கப் போகுது? இருந்தாலும் திருப்பிக்கிட்டாரு.

அன்னையில இருந்து அண்ணன் ஸ்பெயார் வீலுக்கு காத்தே அடிக்கிறதில்ல. சப்பையா, தொஞ்சு போய் கெடக்கும். பெருவெரலால ஒரு அமுக்கு அமுக்குனா போதும், உள்ள ஒண்ணும் இல்லன்னு ஆமிக்காரன் விட்டுருவான். "பஞ்சரானா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். "பஞ்சரானா கை பம்ப் இருக்கு. அது வேற இது வேற"ன்னாரு. தம்புள்ளைக்கு ஓடுற நம்மாளுங்க வேற சில பேரும் அப்பிடித்தான்னு அப்புறம் தெரிஞ்சுது.

அண்ணன் வச்சதுக்கப்புறம் திரும்ப திரும்ப அடிச்சேன். நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தொடர்புகொள்ள முடியாதுன்னு ஒரு பொம்பள மூணு பாஷையிலயும் சொன்னா. கார்ட்ல நிமிஷம் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு.

யோசிச்சு பாருங்க. அந்த பார்சல வேன்ல கொண்டு போக ஏலாது. ரோட்டுல வீசவும் ஏலாது. ஒரு தமிழன் கட்டுநாயக்கா ஏர்போர்ட் பக்கத்துல வயர் தொங்குற பார்சல குப்பத்தொட்டியில போட்டுட்டு நடந்தா எத்தன அடி நடப்பான்? யாருகிட்டயும் குடுக்கவும் ஏலாது. நாலு தீப்பெட்டி சைஸ் சாமான். எங்க அண்ணன் கையில.

கார தூக்குற லிஃப்ட்ல கடைசியா ஒண்ணு நின்னுச்சு. "அதை முடிச்சுப்போட்டுப் போவம்"னாரு பொஸ். அவருக்கும் வீட்டுக்கு போக மனசில்ல. மிஷின எடுத்துக்கிட்டு சுத்துனேன். முன் இடது, ஹோர்ன். முன் வலது, ஹோர்ன். பின் வலதுகிட்ட வந்து நின்னுட்டேன். பட்டன அமுக்க வெரல் வரல. பொஸ் வந்து மிஷின என் கையில இருந்து வாங்கி மிச்சத்த அவரே முடிச்சாரு. ரெண்டு பேரும் கடையிலயே பால் இல்லாத பிளேன்டி குடிச்சுக்கிட்டு போன பாத்துக்கிட்டு இருந்தோம்.

கொஞ்ச கொஞ்சமா நேரம் போச்சு. அப்புறம் அடிச்சுச்சு.

"வீட்டுக்கு வந்துட்டேன்"ன்னாரு அண்ணன். கொரலே இல்ல. "வழியில வால்வு லீக்கு. நாலையும் மாத்திட்டேன். இப்ப சாமான் அது அது இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. வெளங்குதா?"

வெளங்கிச்சு. பொஸ்ஸுக்கும் வெளங்கிச்சு, அவரு கதவுல சாஞ்சுக்கிட்டு கண்ண மூடிட்டாரு.

"அண்ணே, நான்..."

"இனிமே ஒண்ணும் அனுப்பாத"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு.

6

முழு கதையும் சரோஜா ஆன்ட்டி திரும்பி வந்தப்பதான் தெரிஞ்சுது. தை பொங்கல் முடிஞ்சு வந்தாங்க, கடைக்கே வந்து ஸ்டூல போட்டு உக்காந்து சொன்னாங்க.

"ஒன் அண்ணன் மூஞ்ச நீ பாக்கணுமே தம்பி. போன வச்சதும் என் மடிய பாக்குறாரு, ரோட்ட பாக்குறாரு, மறுபடி என் மடிய பாக்குறாரு. 'ஆன்ட்டி, நகராதீங்க'ங்குறாரு. என்னடா இவன், என் மடியில என்ன பாம்பா இருக்குன்னு நெனச்சேன்."

அப்புறம் அண்ணன் மெதுவா ஓட்டிக்கிட்டு போயிருக்காரு. மொத செக்பாயின்டுக்கு முன்னாடி ரோட்டோரத்துல ஒரு டயர் கட. சிங்கள முதலாளி. வால்வு லீக்கு, நாலையும் கழட்டி இத மாத்துங்கன்னு குடுத்துருக்காரு. டயருக்குள்ள போயிட்டா வெளிய தெரியிறது வெறும் வால்வு மட்டும்தான். அந்த சாமான ஒளிக்கிறதுக்கு ஒலகத்துலயே ஒரே ஒரு எடம், அது இருக்க வேண்டிய எடம்தான்.

"முதலாளி கையில வச்சு தூக்கி பாத்தான். 'என்ன தம்பி, வால்வுக்கு அடியில இவ்வளவு பெரிய சாமான்?'ன்னு கேட்டான். ஒன் அண்ணன், 'வெளிநாட்டு வால்வு முதலாளி, அங்க இப்புடித்தான் வருது'ங்குறாரு. 'பனிக்கா?'ன்னான். 'ஆமா ஆமா, பனிக்கு.' 'நம்ம ஊர்ல ஏது பனி?' 'எதுக்கும் இருக்கட்டும் முதலாளி.' அவன் சிரிச்சுட்டு பூட்டிட்டான்."

"அதுல நான் ஒட்டுன டேப்பு?"ன்னு கேட்டேன்.

"அத நான்தான் வேனுக்குள்ள உக்காந்து நகத்தால உரிச்சேன். எங்க போடுறது? பக்கத்துல கடையில சீனி தூவுன கிம்புலா பணிஸ் வாங்கி, பாதிய தின்னுட்டு, மீதிக்குள்ள திணிச்சு, அந்த கட குப்பையிலயே போட்டேன். வயர மட்டும் ஒண்ணும் பண்ணல. கம்ப்யூட்டர் வயர்தானே, பொட்டியில போட்டேன். சாக்ஸயும் எடுத்து வச்சு, வயரோட ஒங்க அம்மாகிட்ட குடுத்துட்டேன். நல்ல சாக்ஸ்."

பொஸ் வேலைய விட்டுட்டு வந்து நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு.

குருநாகல் தாண்டி ஒரு எடத்துல நிப்பாட்டிருக்காங்க. பொட்டி எல்லாம் ரோட்டுல. ஆன்ட்டியோட கல்யாண சேல, சொக்லட், பிரஷர் மாத்திர, எல்லாம். ஒரு ஆமிக்காரன் டிரைவர் சீட்டுல தலைய விட்டு பாத்தா மஞ்ச லைட்டு எரியுது. புதுசா போட்ட சென்சர வேனுக்கு யாரும் சொல்லிக்குடுக்கலையே, எரியத்தானே செய்யும்.

"மேக மொகக்த?"ன்னு கேட்டானாம். இது என்னன்னு.

"காத்து லைட்டு சார். டயர்ல காத்து கம்மின்னா எரியும்"ன்னு அண்ணன் சிங்களத்துல சொல்லிருக்காரு.

அவன் தலைய வெளிய எடுத்து, பூட்ஸ் காலால முன் டயர ஒரு ஒத. கல்லு மாதிரி இருக்கு. பின் டயர ஒரு ஒத. அதுவும் கல்லு.

"காத்து இருக்கே?"

"இருக்கு சார்."

"அப்ப ஏன் எரியுது?"

"இருக்குன்னு அதுக்கு தெரியல சார்."

ஆன்ட்டி சொல்றாங்க, அந்த எடத்துல அவங்க சாமிய கும்புட மறந்து அண்ணன் வாயையே பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். ஆமிக்காரன் பின்னாடி போயி ஸ்பெயார் வீல பெருவெரலால அமுக்குனான். தொஞ்சு உள்ள போச்சு. அவன் திரும்பி அண்ணன பாத்தான்.

"காத்து இருக்குற டயருக்கு லைட்டு எரியுது. காத்தே இல்லாத டயருக்கு ஒண்ணும் எரியலயே?"

"அது ஸ்பெயார் சார்."

அவன் சிரிச்சிட்டானாம். பக்கத்துல நின்னவன்கிட்டயும் சொல்லி அவனும் சிரிச்சானாம். "ஹரி, யன்ன"ன்னு கைய ஆட்டிட்டான். போகலாம்.

"ஒன் அண்ணனும் சிரிச்சாரு தம்பி"ன்னாங்க ஆன்ட்டி. "கொஞ்ச தூரம் போயி, வளைவு தாண்டுனதும் வேன ஓரமா நிப்பாட்டுனாரு. எறங்கி வாந்தி எடுத்தாரு. நான் தண்ணி ஊத்துனேன்."

ஆன்ட்டி போனதுக்கப்புறம் பொஸ் அந்த சென்சர் அலமாரிய பூட்டி சாவிய பைக்குள்ள போட்டாரு. யாரும் எடுக்கப் போறதில்ல. இருந்தாலும் பூட்டுனாரு.

7

ஒரு வருஷம் ஆச்சு. வைகாசியில சண்டை முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்க. நீங்க ஊர்ல பட்டாசு சத்தம் கேட்டுருப்பீங்க. நாங்க இங்க ரோட்டுல சனம் அழுதுக்கிட்டு நின்னத பாத்தோம். பொஸ் ரெண்டு நாள் கட தொறக்கல. அவரோட ஆளுங்க யாரு யாரு மிச்சம்னு அவருக்கு அப்ப தெரியாது. இப்பவும் முழுசா தெரியாது. நான் கேக்குறதில்ல.

வேல மட்டும் மாறல. இன்னிக்கு பூரா பனியில வீல் கழட்டி மாட்டி, கார சுத்தி சுத்தி ஹோர்ன் அடிச்சு, காதெல்லாம் அதே சத்தம். வீட்டுக்கு வந்து ஹீட்டர்ல கைய காட்டிக்கிட்டு அண்ணனுக்கு அடிச்சேன். அம்மாதான் எடுத்தாங்க.

"சாப்டியா?"

"சாப்டேன். அங்க குளிரா?"

"விடியக்காலமே குளிருது. அந்த சாக்ஸதான் போட்டுக்கிட்டு இருக்கேன். ரெண்டு ஜோடி வந்துச்சே. மாத்தி மாத்தி போடுறேன். இன்னும் அனுப்பேன்."

"ஒண்ணும் அனுப்பாதன்னு அண்ணன் சொன்னாரே."

"அவன் சொல்லுவான். நீ சாக்ஸ் அனுப்பு. வெறும் சாக்ஸா அனுப்பு."

அண்ணன் வந்து போன வாங்குனாரு. கோவமெல்லாம் எப்பவோ போயிருச்சு. நான் மெதுவா ஆரம்பிச்சேன். வயர் வீட்டுல கெடக்கு. கண்டியில அவன்கிட்ட லெப்டொப் இருக்கு. வேன கொண்டு போயி சொருகுனா கொஞ்ச நேரத்துல நாலு நம்பரும் பதிஞ்சிரும், லைட்டு அணைஞ்சிரும். ஒரு வருஷமா அந்த நாலும் வீலுக்குள்ள உருண்டு உருண்டு கத்திக்கிட்டு இருக்குண்ணே, வேன் கேக்காமலே ஓடுது.

"அந்த லைட்டா? அது இப்ப தெரியுறதே இல்லடா. அம்மா அதுமேல பொட்டு ஒட்டிட்டாங்க."

"என்னது?"

"ஸ்டிக்கர் பொட்டுடா. சேப்பு. கண்ண குத்துதுன்னாங்க, ஒட்டிட்டாங்க. கல்யாண பார்ட்டி எல்லாம் பாத்துட்டு வேனுக்கு பூச போட்டதுன்னு நெனக்குறான். ஹயரு நல்லா ஓடுது."

எங்க கடைக்கு ஒருத்தன் அப்பிடி ஒட்டிக்கிட்டு வந்தா பொஸ் திட்டி அனுப்பிருவாரு. நான் சிரிச்சேன். அண்ணனும் சிரிச்சாரு. ரெண்டு பேரும் ஒண்ணா சிரிச்சு எவ்வளவு நாளாச்சு.

"செக்பாயின்டெல்லாம் எடுத்துட்டாங்களாமே?"

"எடுத்துட்டாங்க, நெறய எடுத்துட்டாங்க. நாவுலயில சும்மா நிக்குறான். கைய காட்டுவான், போவோம். முந்தி மாதிரி இல்ல."

"அப்ப ஸ்பெயாருக்கு காத்தடிச்சிட்டீங்களா?"

 போன்ல அம்மா பாத்திரம் கழுவுற சத்தம் கேட்டுச்சு.

"அடிக்கணும்டா"ன்னாரு. "அடிக்கலாம். இப்ப என்ன அவசரம்."